கிழக்கே பார்த்த ஆன்டெனா

"படம் வந்துடுச்சா?"

கூரை உச்சியில் புகைபோக்கியை ஒரு கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆன்டெனாவைத் திருகியபடி டெல்மர் கத்தினார்.

"வந்துடுச்சுங்க! பளிச்சுனு வந்துடுச்சு!" ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் மனைவி ஆர்டிஸ் பதில் கொடுத்தாள்.

"யாரு தெரியறாங்க?"

ஆர்டிஸ் தலையை உள்ளே இழுத்துத் திரையைப் பார்த்துவிட்டு மறுபடி நீட்டினாள்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"அட, சொல்லு!"

"வானிலை சொல்ற ஆளு. மினியாபொலிஸ்ல நாளைக்குப் பனி கொட்டுமாம். ஊதா கலர்ல டை கட்டியிருக்காரு."

டெல்மர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி, கூரையில் கடகடவென்று உருண்டு, தோட்டத்தில் போய் விழுந்தது.

எங்கள் ஊர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், விஸ்கான்சினில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் மின்னசோட்டா, மினியாபொலிஸ் இருக்கிற மாநிலம். அமெரிக்கக் கால்பந்து என்று வந்துவிட்டால் நாங்கள் பச்சைச் சட்டை அணியின் கட்சி, அவர்கள் ஊதாச் சட்டை அணியின் கட்சி. இங்கே குழந்தை பிறந்தால் பெயர் வைக்கிறார்களோ இல்லையோ, பச்சைக் குல்லா வைத்துவிடுவார்கள். ஊதாப் பூ பூக்கிற செடியைக்கூடப் பின்கட்டில்தான் நட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், தெருவே பார்க்க, கூரைமேல் ஓர் ஆன்டெனா மேற்கே அக்கரையைப் பார்த்து நின்றால் என்ன அர்த்தம்? அந்த வீட்டுக்காரன் விலை போய்விட்டான் என்றுதான் அர்த்தம்.

டெல்மர் சட்டென்று ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினார்.

"இப்போ?"

"சிக்னல் இல்லைனு வருது."

"இன்னும் கொஞ்சம் திருப்பறேன். இப்போ?"

"அதே எழுத்துதான். இப்போ கொஞ்சம் பெருசா தெரியுது."

இத்தனைக்கும் காரணம் ஒரு டெலிபோன் பேச்சு. இரண்டு வாரத்துக்கு முன்பு கேபிள்காரர்கள் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள். டெல்மர் போன் போட்டார். ஐம்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். அவருக்குப் பிடிக்காத பாட்டு. கடைசியில் ஒரு பெண் குரல் வந்ததும், "இப்படியே ஏத்திக்கிட்டே போனா எனக்குக் கேபிளே வேணாம்!" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். மிரட்டினால் குறைப்பார்கள் என்று நினைப்பு. அந்தப் பெண்ணோ, "சரிங்க சார், வெட்டியாச்சு. வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள்.

திரும்பக் கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கலாம். நீங்களும் நானும் கெஞ்சியிருப்போம். டெல்மர் கெஞ்சவில்லை. இந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். வாயிலிருந்து வந்த சொல்லைத் திரும்ப விழுங்கத் தெரியாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. பச்சையும் ஊதாவும் மோதுகிற ஞாயிறு. பத்தொன்பது வருஷமாக அன்றைக்கு ஊர் கூடுவது டெல்மர் வீட்டில்தான். வாரம் பூராவும் சீஸ் ஆலையில் கொப்பரையைக் கிண்டிக்கொண்டு நிற்கிற மனுஷன் அவர். யாரும் அவரை ஒன்றும் கேட்க மாட்டார்கள், அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒரு நாள் மட்டும் அவர் ராஜா. வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று ஒவ்வொருவரையும் முதுகில் தட்டி உள்ளே விடும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அது கைவிட்டுப் போனால் அவருக்கு வருஷத்தில் மிச்சம் இருப்பது கொப்பரைதான்.

மறுநாள் மத்தியானம் ஆலையிலிருந்து நேராக மேவிஸின் ஹார்டுவேர் கடைக்குப் போனார். ஆன்டெனா வாங்கியதும் அங்கேதான்.

"கிழக்கே எடுக்க மாட்டேங்குது மேவிஸ்."

"எப்படிண்ணே எடுக்கும்? நடுவுல அவ்ளோ பெரிய குன்னு நிக்குதே. அதுக்கும் அந்தாண்ட எழுபது மைலு போகணும் நம்ம டவருக்கு. மினியாபொலிஸ்னா பக்கம்."

"அந்தப் பேரை என் காதுல போடாத. குன்னைவிட உசரமா ஒரு கம்பி இருக்கா?"

மேவிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "குன்னைவிட உசரமா இல்ல. உங்க வீட்டைவிட உசரமா இருக்கு."

"அதைக் குடு."

முப்பது அடிக் கம்பி. அதை வண்டிமேல் கட்டி எடுத்துவந்தபோது முன்னாலும் பின்னாலும் சிவப்புத் துணி கட்டியிருந்தார். தனி ஆளாக அதை நிமிர்த்தி, புகைபோக்கியோடு சேர்த்து இறுக்கி, உச்சியில் ஆன்டெனாவைக் கிழக்கே பார்க்க மாட்டி இறங்கும்போது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நவம்பர் குளிரில்!

படம் வரவில்லை. காற்றுதான் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் டெல்மர் ஆலையில் இருந்த நேரம், காற்றில் கம்பி மெல்ல மெல்லச் சுழன்று, ஊரிலேயே உயரமான இடத்திலிருந்து ஆன்டெனா மேற்கே பார்த்தது. அப்படியே நின்றும்விட்டது. சர்ச் விருந்துக்கு மீன் வாங்கப் போன பெண்கள் அத்தனை பேரும் அந்த வழியாகத்தான் போனார்கள்.

அவர் வீடு திரும்புவதற்குள் வாசலில் மச்சான் வெர்ன் நின்றிருந்தார். ஆர்டிஸின் அண்ணன். மான் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சு ஜாக்கெட், அதற்குள்ளே பச்சைச் சட்டை, தலையில் பச்சைக் குல்லா.

"மாப்ளே, இது என்ன கூத்து? நீ ஊதாக் கட்சிக்குப் போயிட்டேனு ஊரே சிரிக்குது!"

"காத்துல திரும்பிடுச்சு மச்சான்."

"ஏன், என் வீட்டுல காத்து அடிக்கலையா?"

"உன் வீட்டுல ஆன்டெனா இல்லையே."

"எதுக்கு ஆன்டெனா? நான் கேபிள் வச்சிருக்கேன். ஆர்லின் வச்சிருக்கான். பாஸ்டரும் வச்சிருக்காரு. மானஸ்தன் எல்லாரும் வச்சிருக்கான்." வெர்ன் குரலை இறக்கினார். "இதோ பாரு, அந்த அக்கரைக்காரன் டவர்லேர்ந்து நம்ம பசங்க ஆட்டத்தைப் பார்க்கறது, எதிரி கையால சோறு வாங்கித் தின்னற மாதிரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணு. இல்லேனா இனிமே கூட்டம் என் வீட்டுலதான்."

"அண்ணே, அவரு பாவம்ணே. மூணு நாளா தூங்கவே இல்ல" என்றாள் ஆர்டிஸ்.

"நானும்தாம்மா தூங்கல. எனக்கு மட்டும் என்ன ஆசையா?" என்று வெர்ன் போய்விட்டார்.

டெல்மர் அன்று சாப்பிடவில்லை. ஆலையில் வெல்டிங் வேலை செய்கிறவரை அழைத்துவந்து, கம்பியையும் ஆன்டெனாவையும் கிழக்கே பார்த்தபடி ஒன்றாகப் பற்றவைத்துவிட்டார். இனி சூறாவளியே வந்தாலும் அது மேற்கே திரும்பாது. கூடவே மேவிஸிடமிருந்து ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டினார்.

"ஆர்டிஸ், இப்போ?"

"வந்துடுச்சுங்க!"

டெல்மர் கூரைமேலேயே தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்தார்.

"யாரு?"

"அதே டைங்க."

மேவிஸ் போனில் விளக்கினாள். "பூஸ்டர் போட்டா முதுகுப் பக்கம் வர்றதையும் சேத்து இழுக்கும்ணே. பக்கத்து டவர் பாருங்க, முந்திக்கிட்டு வந்துடுது."

"முதுகைக் காட்டினாக்கூட வர்றானா? வெக்கங்கெட்டவன்!"

மாட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போடுகிற தகரம் ஒன்று, மாடு வைத்திருக்கிற பக்கத்து வீட்டு ஆர்லினிடம் கிடந்தது. சனிக்கிழமை அதைத் தூக்கிப்போய் ஆன்டெனாவுக்குப் பின்னால், மேற்கை மறைத்து நிறுத்திக் கட்டினார் டெல்மர். தெருவிலிருந்து பார்த்தால் வீட்டு உச்சியில் யாரோ கதவு வைத்த மாதிரி இருந்தது. ஊதா டை மறைந்தது. அதன்பிறகு, ஆர்டிஸ் சத்தியம் செய்து சொல்கிறாள், சரியாக மூன்று நிமிஷம், கிழக்கேயிருந்து, நம் மாநிலத்துச் சேனலில், ஒரு அம்மாள் பூசணிக்காய் கேக் செய்வது தெரிந்தது. டெல்மர் தடதடவென்று ஏணியில் இறங்கி ஓடிவந்து டிவி முன்னால் மண்டியிட்டார். அந்த அம்மாள் மாவைப் பாத்திரத்தில் ஊற்றும்போது அவர் கண்ணில் தண்ணீர்.

கேக் அடுப்புக்குள் போனது. சிக்னலும் போனது.

"வந்துச்சுல்ல ஆர்டிஸ்? நீயும் பார்த்தேல்ல?"

"பார்த்தேங்க."

"அப்போ நாளைக்கும் வரும்."

ஒரு தகரத்தையும் ஒரு கம்பியையும் நம்பி இருபத்திரண்டு பேரை விருந்துக்குக் கூப்பிட எத்தனை பேருக்குத் துணிச்சல் இருக்கும்? டெல்மருக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. இந்த ஆட்டம் வருகிற ஞாயிறுகளில் பாஸ்டர் பிரசங்கத்தை எட்டு நிமிஷத்தில் முடிப்பார். அந்த ஞாயிறு ஆறே நிமிஷம். பதினொன்றரைக்கெல்லாம் டெல்மர் வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. பின்பக்கம் அடுப்பில் சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது. ஆர்டிஸ் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட பெரிய தட்டு மேஜை நடுவில் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. எல்லோர் கையிலும் பீர். எல்லோரும் பச்சை. டிவியில் மட்டும் 'சிக்னல் இல்லை'.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். டெல்மர் டிவியைத் தட்டினார். அணைத்துப் போட்டார். வயரைப் பிடுங்கி ஊதிச் செருகினார்.

ஆர்டிஸ் அவரைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள். "ஏங்க, சொல்றதைக் கேளுங்க. அந்தத் தகரத்தை ஒரு உதை விட்டா போதும், படம் வந்துடும். ரெண்டு பக்கமும் காட்டறது ஒரே ஆட்டம்தானே? அதே பசங்க, அதே பந்து!"

"ஆட்டம் ஒண்ணுதான். நடுநடுவுல விளம்பரம் வருமே ஆர்டிஸ்? மினியாபொலிஸ் கார் கடை, மினியாபொலிஸ் மெத்தைக் கடை. மூலையில அவன் சேனல் பேரு வேற நிக்கும். எந்தப் பக்கத்துலேர்ந்து எடுக்கறோம்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுபோகும்."

"தெரிஞ்சா தெரியட்டுமே! வீட்டுக்கு வந்தவங்களைச் சும்மா உட்கார வைக்கறது மட்டும் அழகா?"

டெல்மர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வெளியே போனார். ஏணியில் ஏறினார். இருபத்திரண்டு பேரும் பீரோடு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அவர் கூரை உச்சிக்குப் போய், தகரத்துக்கு எதிரே நின்றார். காலைத் தூக்கினார். உதைத்தால் படம் வரும், கூட்டம் நிற்கும், ராஜா ராஜாவாகவே இருப்பார்.

காலைக் கீழே வைத்தார்.

"மாட்டேன்!" என்று அங்கிருந்தே கத்தினார். "என்னால முடியலப்பா! நம்ம பசங்களை அந்த டவர் வழியா என் வீட்டுக்குள்ள விடமாட்டேன். கூட்டத்தை மச்சான் வீட்டுக்கு மாத்திக்கோங்க. போங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன். பத்தொன்பது வருஷம் வந்தீங்க, அதுவே எனக்குப் போதும்."

கீழே எல்லோரும் வெர்னைப் பார்த்தார்கள். வெர்ன் தன் பூட்ஸைப் பார்த்தார்.

பிறகு என்ன தோன்றியதோ, கையிலிருந்த பீரைத் தரையில் வைத்துவிட்டு வெர்ன் கைதட்ட ஆரம்பித்தார்.

"மாப்ளே, இறங்கி வாடா! என் வீடாவது மண்ணாவது! இந்தக் கூட்டத்தை உன்கிட்டேர்ந்து பிடுங்கினா நான் மனுஷனே இல்ல!"

"உன் வீட்டுல கேபிள் இருக்கே மச்சான்?"

"இருந்தா? கேபிளா பெருசு? மானம் பெருசு! ஆர்லின், உன் வீட்டுக்குக் கூப்பிடுவியா நீ?"

"ஐயையோ, நானா? நான் எதுக்குக் கூப்பிடறேன்?" என்றார் ஆர்லின்.

"பாஸ்டர், நீங்க?"

"எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை" என்றார் பாஸ்டர். "டெல்மர் வீடு இருக்கும்போது இன்னொரு வீட்டுக்கு எதுக்குப் போகணும்? ரேடியோ இருக்குமே, ரேடியோவில் கேட்போம்."

இப்படி ஓர் ஊரை எங்கே பார்ப்பீர்கள்? டெல்மர் இறங்கி வந்ததும் ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்தார்கள். ஆலை வண்டியில் கேட்கிற பழைய ரேடியோவைக் கொண்டுவந்து டிவி தலைமேல் வைத்தார் அவர். அது கிழக்கேயிருந்து, நம் மாநிலத்திலிருந்து, கொரகொரவென்றாலும் நன்றாகவே கேட்டது. இருபத்திரண்டு பேரும் வெறும் திரையைப் பார்த்தபடி பந்து போகிற திசையைக் கற்பனை செய்துகொண்டு உட்கார்ந்தார்கள். டெல்மர் ஒவ்வொருவர் தட்டிலும் இன்னொரு சாசேஜ் வைத்தார்.

பத்து நிமிஷம் போயிருக்கும். ஆர்லின் எழுந்தார்.

"மாடு ஒண்ணு கன்னு போடற மாதிரி இருந்துச்சு. போய்ப் பார்த்தா தேவலை."

"அட, போப்பா, போ! ஆர்டிஸ், ஆர்லினுக்கு நாலு சாசேஜ் கட்டிக் குடு."

அடுத்தது பாஸ்டர். யாரோ ஒரு பெரியவருக்கு உடம்பு முடியவில்லையாம், ஜெபம் பண்ணப் போக வேண்டுமாம். அவருக்கும் ஒரு பொட்டலம். ஒருவருக்கு நிலவறையில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒருவருக்கு மாமியார் வருகிறார். ஒருவருக்குத் திடீரென்று வயிறு. அவருக்குப் பொட்டலம் வேண்டாம் என்று ஆர்டிஸ் நினைத்தாள், அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசியாக வெர்ன் எழுந்து, "அடுப்பை அணைச்சேனானு சந்தேகமா இருக்கு மாப்ளே" என்றார். கதவு வரைக்கும் நடந்தார். கதவிலிருந்து வண்டிக்கு ஓடினார்.

இரண்டாவது பகுதி தொடங்கும்போது அந்த வீட்டில் டெல்மர், ஆர்டிஸ், கூட்டத்துக்கு வந்த மேவிஸ் மூன்று பேர்தான். மேவிஸ் சாவகாசமாக மூன்றாவது சாசேஜுக்குக் கடுகு தடவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போய் கேபிள்ல பாக்கறாங்கங்க. இதுகூடவா உங்களுக்குப் புரியல?" என்றாள் ஆர்டிஸ். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"சீ, அப்படிப் பேசாத! கேபிள்ல பார்க்கணும்னா, 'வாங்கடா என் வீட்டுக்கு'னு அப்பவே கூட்டிட்டுப் போயிருப்பானே உங்க அண்ணன்? நான்தான் விட்டுக் குடுத்தேனே! ஏன் கூட்டிட்டுப் போகல? நிஜமாவே மாடு கன்னு போடுது. நிஜமாவே அடுப்பு எரியுது."

ரேடியோ அலறியது. பச்சைக்கு டச் டவுன், ஆறு புள்ளி! அடுத்த நொடி ஆர்லின் வீட்டுப் பக்கத்திலிருந்து "ஓ...!" என்று ஒரு பெருங்கூச்சல். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வீட்டுக்கு வீடு, அதே கூச்சல்.

"கேட்டியா?" டெல்மர் முகம் மலர்ந்தது. "கன்னு நல்லபடியா பொறந்திருக்கு. ஊரே சந்தோஷப்படுது!"

அவர் மேவிஸ் பக்கம் திரும்பினார். அந்தக் குரலில் அத்தனை பெருமை.

"நீயே சொல்லு மேவிஸ். வீட்டுக்கு வீடு கேபிளை வச்சுக்கிட்டு, என் மானம் போகக் கூடாதுனு ஒருத்தன்கூட 'என் வீட்டுக்கு வாங்க'னு கூப்பிடல பாரு. இந்த மனசு வேற எந்த ஊர்ல வரும்?"

மேவிஸ் விரலில் ஒட்டிய கடுகை நக்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"யாரு வீட்டுலண்ணே கேபிள் இருக்கு? போன வருஷமே ஊர் மொத்தமும் வெட்டிடுச்சு, எல்லார் வீட்டுப் பரண்லயும் ஆன்டெனாவை மேற்கே பார்த்து மாட்டிக் குடுத்ததே நான்தானே!"